கிரேஸி மோகனின் காது

‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் ஜனகராஜ் இன்ஸ்பெக்டர். கொலை நடந்த இடத்துக்கு வந்து தப்புத் தப்பாகத் துப்பறிவார். பக்கத்தில் கான்ஸ்டபிளாக ஆர்.எஸ்.சிவாஜி. இன்ஸ்பெக்டர் ஓர் அசட்டு முடிவுக்கு வரும்போதெல்லாம் கான்ஸ்டபிள் புல்லரித்துப் போய், அதே ஒரு பாராட்டைச் சொல்வார். படம் வந்தது 1989-இல். இத்தனை வருஷம் கழித்து, அந்த இன்ஸ்பெக்டர் என்னதான் துப்பறிந்தார் என்று கேட்டால் அநேகம் பேருக்குச் சொல்லத் தெரியாது. கான்ஸ்டபிளின் பாராட்டு மட்டும் ஆபீஸ்களில் இன்னமும் உயிரோடு இருக்கிறது. மேலதிகாரி அந்தப் பக்கம் நகர்ந்ததும் இந்தப் பக்கம் யாராவது அதைச் சொல்கிறார்கள்.

அந்த வாக்கியத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் ஜோக் எதுவும் கிடையாது. சிலேடை இல்லை, கடி இல்லை. ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் இன்னொருவர், வாய் பிளந்து சொல்லும் சாதாரண வாக்கியம். எழுதியவர் கிரேஸி மோகன். வார்த்தை விளையாட்டுக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் சொல்கிறார்கள். தப்பில்லை. ஆனால் அவர் எழுத்தின் ருசி எங்கே இருக்கிறது என்று நிதானமாகத் தேடினால், பேசுகிறவனைவிட கேட்கிறவனிடத்தில்தான் அதிகம் அகப்படுகிறது. அவருடைய ஆட்களுக்கு வாய் நீளம் என்பார்கள். எனக்கென்னவோ, அவர்களுடைய காதுதான் விசேஷமாகப் படுகிறது.

1952 அக்டோபர் 16-இல் பிறந்தவர் மோகன். கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிகல் படித்தார். கல்லூரி மேடைக்கு எழுதிய குறுநாடகத்தில் தொடங்கியது இந்தப் பித்து. படிப்பு முடிந்து சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்துக்கொண்டே, 1976-இல் எஸ்.வி.சேகரின் குழுவுக்காக ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ எழுதினார். நாடகத் தலைப்பின் முதல் சொல் ஆசிரியரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கடைசிவரை கழன்று விழவில்லை. 1979-இல் தம்பி மாது பாலாஜியோடு சொந்தக் குழு, ‘கிரேஸி கிரியேஷன்ஸ்’. அவருடைய ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தை கே.பாலசந்தர் 1983-இல் ‘பொய்க்கால் குதிரை’ என்று படமாக எடுத்தார். அதன் பிறகு சினிமா அவரை விடவில்லை. அவரும் நாடகத்தை விடவில்லை.

மெக்கானிகல் எஞ்சினியர் என்பதால் வசனத்தில் பல்சக்கரம் சுழல்கிறது என்றெல்லாம் எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மையில் அவர் வசனத்தில் தெரிவது சபா மேடைதான்.

சபா நாடகத்துக்கு ஓர் எழுதாத விதி உண்டு. ஜோக்கைச் சொன்ன நடிகர், சிரிப்பு அடங்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். அவசரப்பட்டு அடுத்த வரிக்குப் போனால் அது கைத்தட்டலில் அடிபட்டுப் போகும். ரொம்ப நேரம் நின்றால் அரங்கம் ஆறிவிடும். எத்தனை நேரம் நிற்பது என்பதை அன்றைய கூட்டம்தான் தீர்மானிக்கும். மோகன் நாடகங்களில் வேடிக்கை என்னவென்றால், அவர் இந்த இடைவெளியைக் கொடுக்கவே மாட்டார். முதல் சிரிப்பு எழும்போதே இரண்டாவது வரி வந்து விழும். இரண்டாவதுக்குச் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள், அதுவரை சோபாவில் சும்மா உட்கார்ந்திருந்த மூன்றாவது ஆள் வாயைத் திறப்பார். பாதி பேருக்குப் பாதி ஜோக் கேட்காது. அதனாலேயே மறுபடியும் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் உண்டு.

அவர் வசனத்தை இங்கே எடுத்துப்போட உத்தேசமில்லை. வழியை மட்டும் காட்ட, நானே ஒரு சின்ன உதாரணம் கட்டிப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் சொல்கிறார்: “மூணு மாச வாடகை பாக்கி. மரியாதையா காலி பண்ணிடுங்க.” குடித்தனக்காரர் பரிதாபமாகச் சொல்கிறார்: “பண்ணிட்டேன் சார், பர்ஸை.” இதுவரை எவரும் எழுதுவார்கள், இது சாதாரணக் கடி. மோகனாக இருந்தால் இங்கே நிறுத்த மாட்டார். உள்ளேயிருந்து காபியோடு வரும் மாமியாரின் காதில் ‘காலி’ மட்டும் விழும். “காளியா? எந்தக் கோயில்?” என்று கேட்டுவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, “நான் சொன்னது வீடு மாமி” என்பார். “வீட்டுக்கே வந்துடுத்தா?” என்று மாமியார் கற்பூரம் தேடப் போய்விடுவார். ஐந்து நிமிஷம் கழித்து அந்தக் கற்பூரமே ஒரு சிக்கலைக் கிளப்பும்.

இதில் யாரும் முட்டாள் இல்லை, கவனியுங்கள். வீட்டுக்காரருக்கு வாடகை வேண்டும், குடித்தனக்காரரிடம் காசில்லை, மாமிக்கு பக்தி. ஒவ்வொருவரும் தான் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொல்கிறார்கள். கேட்டதுதான் தப்பு. பேச்சுத் தமிழில் லகரமும் ளகரமும் பாதி வாய்களில் ஒன்றாகிவிடுகின்றன; அந்த இடுக்கில் ஒரு குடும்பத்தையே குடிவைத்து அரைமணி நேரம் ஓட்டுவது அவர் வித்தை. அவர் நாடகங்களில் வில்லன் என்று யாரும் பெரிதாக வேண்டியிருக்காததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் அவசரத்தில் இருக்கிறார்கள், யாரும் முழு வாக்கியத்தைக் காதில் வாங்குவதில்லை.

இந்த வித்தை உச்சம் தொட்ட இடம் ‘மைக்கேல் மதன காமராஜன்’. 1990 தீபாவளிக்கு வந்த படம். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கமல்ஹாசன் திரைக்கதை, மோகன் வசனம். நான்கு சகோதரர்கள், நால்வரும் கமல்: கள்ள நோட்டு மைக்கேல், பணக்கார மதனகோபால், பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன், தீயணைப்பு வீரர் ராஜு. கடைசியில் மலை விளிம்பில் ஆடுகிற வீடு சாப்ளினின் ‘கோல்ட் ரஷ்’ படத்துக்குச் செய்த வணக்கம் என்பதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் போய் உட்கார நினைப்பது சமையல்கட்டில்.

கல்யாணச் சமையல். சுத்த சைவம். சாம்பாரில் ஒரு மீன் விழுந்துவிடுகிறது. காமேஸ்வரனுக்குத் தெரியும், பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. சமையல் குழுவின் தலைவர், காமேஸ்வரனை வளர்த்தவர், டெல்லி கணேஷ். இதில் மோகன் எழுத்தாளராகப் பார்த்திருக்க வேண்டிய முதல் விஷயம் ஜோக் ஆக இருந்திருக்காது. பிரச்னை எத்தனை கச்சிதம் என்பதாக இருந்திருக்கும். விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், சொல்லவும் கூடாது. சொன்னால் மானம் போச்சு, சொல்லாவிட்டால் ஆசாரம் போச்சு. ‘மீன்’ என்ற சொல்லை வாய்விட்டு உச்சரிக்க முடியாத ஒரே இடம் ஐயர் வீட்டுக் கல்யாணப் பந்தி. அங்கேதான் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரிக்க வைக்கிறார்.

எப்படி? ஆங்கிலத்தில் ‘அர்த்தம்’ என்பதற்கு இருக்கும் சொல்லும் ‘மீன்’ என்றுதானே ஒலிக்கிறது. அந்த ஆங்கிலத்துக்குப் பின்னால் இந்த மீனை ஒளித்துவிடுகிறார். தெரிந்தவன் பதறிப்போய்ச் சொல்கிற சொல், தெரியாதவன் காதில் வெறும் இங்கிலீஷாக விழுகிறது. திருடன் போலீஸ் உடுப்பைப் போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே உலாத்துவது மாதிரி, அந்த மீன் பந்தி முழுக்க நீந்திக்கொண்டிருக்கிறது. ஒலியின் ஒற்றுமையைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. கல்லூரி விடுதியில் உட்கார்ந்தால் நூறு கிடைக்கும். அதைச் சொல்லியே ஆக வேண்டிய நெருக்கடியில் ஒருவனை நிறுத்துவதுதான் காரியம். அப்போது சிலேடை அலங்காரம் என்கிற நிலை போய், அவனுக்குத் தப்பிக்கும் வழியாகவே ஆகிவிடுகிறது.

இந்தக் காட்சிகளில் கமலின் பாலக்காட்டு நாக்கும் ஊர்வசியின் வெகுளித்தனமும் போட்டி போடுவதை எல்லோரும் ரசிக்கிறோம். டெல்லி கணேஷ் செய்வதையும் கொஞ்சம் பாருங்கள். அவருக்கு வந்து சேரும் செய்தி துண்டு துண்டாக வருகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முகத்தில் ஒரு படி ஏறுகிறது பயம். கேட்கிறவர் சரியாக இல்லாவிட்டால் மோகன் வசனம் வெறும் கடியாகச் சுருங்கிவிடும் என்பதற்கு அவரே சாட்சி. மோகன் எழுதிய படங்களில் டெல்லி கணேஷும் நாகேஷும் திரும்பத் திரும்ப வந்ததை வெறும் நட்புக் கணக்கில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. இருவரும் கேட்கத் தெரிந்த நடிகர்கள்.

நாகேஷ் என்றதும் ‘மகளிர் மட்டும்’ ஞாபகம் வராமல் போகாது. 1994. ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் தங்கள் மேலதிகாரி செத்துப்போய்விட்டதாக நினைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வேறு யாருடைய பிணத்தையோ கிளப்பிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பிணம் நாகேஷ். தமிழ் சினிமாவின் மிக வேகமான நாக்கு நாகேஷுடையது. வசன நகைச்சுவையில் அப்போது முன்வரிசையில் இருந்தவர் மோகன். இருவரும் சேர்ந்த இடத்தில் நாகேஷுக்கு ஒரு வரி கிடையாது! சுற்றியிருக்கும் மூன்று பெண்களும் பதற்றத்தில் பேசிக்கொண்டே இருக்க, நடுவில் அவர் சரிகிறார், சாய்கிறார், தோளில் விழுகிறார். பேசும் ஆட்களுக்கு நடுவே ஒரு பேசாத ஆளை உட்கார்த்தினால் பேச்சு இரண்டு மடங்கு வேடிக்கையாகும் என்று அந்தப் படத்தைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கே எழுதாமல் ஒதுங்குவது என்பதும் வசனகர்த்தாவின் வேலையில் சேர்ந்ததுதான். அந்தப் படத்தில் மோகன் ஒதுங்கி நின்றிருக்கிறார்.

இரண்டு வருஷம் கழித்து ‘அவ்வை சண்முகி’யில் இதையே வேறு மாதிரி பார்க்கலாம். ஆசாரமான விஸ்வநாத ஐயர் வீட்டுக்குச் சமையல்காரராக வரும் பாஷா (நாசர்), ஐயராகவும் ஊமையாகவும் நடிக்கிறார். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதே வீட்டில் மாமி வேஷம் போட்ட பாண்டியனோ (கமல்) பேசிப் பேசியே பிழைக்க வேண்டியவன். ஒரே கூரையின் கீழ் ஒரு பொய் பேசாமல் உயிர் வாழ்கிறது, இன்னொரு பொய் பேசி உயிர் வாழ்கிறது. மூலக்கதை ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஊமை பாஷாவும், மாமியைக் கல்யாணம் செய்துகொள்ளத் துடிக்கும் முதலியாரும், ஐயரும் சேர்ந்து கட்டும் சிக்கல் முழுக்க முழுக்க நம்ம ஊர் நாடகச் சரக்கு.

அந்தப் படத்தில் பெயர் வைக்கிற இடம் ஒன்று போதும். பெயர் என்ன என்று கேட்கும்போது, பாண்டியனுக்கு மாமி வேஷத்துக்குப் பெயரே யோசித்து வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது. கண்ணில் படுகிறது அவ்வை சண்முகம் சாலை என்ற பலகை. அவ்வை சண்முகி பிறந்துவிடுகிறாள். முதல் பார்வைக்கு இது சமயோசித ஜோக். லாயிட்ஸ் ரோடு எப்படி அவ்வை சண்முகம் சாலை ஆனது என்று தெரிந்தவர்களுக்கு இன்னொரு சிரிப்பு காத்திருக்கிறது. ஔவைக் கிழவியாக மேடையேறியே அடைமொழி பெற்றவர் டி.கே.சண்முகம். அவர் நாடகக் குழுவில்தான் சிறுவன் கமல் பயின்றார். ஆண் ஒருவன் கிழவி வேஷம் போடும் படத்துக்கு, கிழவி வேஷத்தால் பெயர் பெற்ற குருவின் பெயர். தெரியாதவர்களும் ரசிக்கலாம், தெரிந்தவர்கள் எழுந்து கும்பிடலாம். இதில் மோகன் பங்கு எவ்வளவு, கமல் பங்கு எவ்வளவு என்று தராசில் போட முடியாது, போடவும் வேண்டாம். இருவருக்கும் நடுவே பந்து அந்த வேகத்தில் போய்வந்து கொண்டிருந்தது.

‘தெனாலி’ (2000) பற்றி ஒரு வார்த்தை. எதைப் பார்த்தாலும் பயப்படும் தெனாலியின் பயப் பட்டியல்தான் பிரசித்தம். எனக்குப் பிடித்தது டாக்டர் கைலாஷ். மனநல மருத்துவர், அதாவது கேட்பதே தொழில். கைலாஷாக வரும் ஜெயராம் அந்தப் பயங்களைக் கேட்டுக் கேட்டே பைத்தியத்தின் விளிம்புக்குப் போகிறார். பேசுகிறவன் குணமாகிக்கொண்டே வர, கேட்கிறவன் நோயாளி ஆகிறான்! கதை ஹாலிவுட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். மோகனுக்கென்றே தைத்து அனுப்பியது போல அல்லவா இருக்கிறது?

‘சதிலீலாவதி’, ‘காதலா காதலா’, ‘பம்மல் கே.சம்பந்தம்’, ‘பஞ்சதந்திரம்’, ‘வசூல்ராஜா எம்பிபிஎஸ்’ என்று பட்டியல் நீளும். எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். ‘சதிலீலாவதி’யில் கோவை சரளாவின் கொங்குப் பேச்சு, மயிலாப்பூர்க் காற்றிலேயே வளர்ந்த எழுத்தை வேறு மண்ணில் நட்டுப் பூக்க வைத்தது. ‘பஞ்சதந்திர’த்தில் தமிழும் மலையாளமும் கன்னடமும் தெலுங்கும் வாயில் வைத்திருக்கும் நண்பர்கள் ஒரே நேரத்தில் பேசுவதால், தப்பாகக் கேட்பதற்கு நாலு மொழி கிடைத்துவிட்டது. ‘காதலா காதலா’ எனக்குப் பாதியிலேயே மூச்சு வாங்கியது. பொய்க்கு மேல் பொய் ஏறும்போது, முதல் பொய் எதற்கு என்பதே மறந்துவிடுகிறது. ரஜினியின் ‘அருணாசல’மும் அவர் வசனம்தான், அதில் மோகனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லோரும் ஒருவர் பேச்சுக்கே காது கொடுக்கும் படத்தில், தப்பாகக் கேட்க யார் மிச்சம்?

மேடையிலும் குறை உண்டு. சில ராத்திரிகளில் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வெளியே வந்து ஆட்டோ பிடிக்கும்போது, கதை என்ன என்று கேட்டால் சொல்ல வராது. இன்னொன்று, ஜானகி. சின்ன வயதில் தனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் பெயரை, அவருக்குச் செய்யும் மரியாதையாகத் தன் கதாநாயகிகள் பலருக்கு வைத்தார் மோகன். நாயகன் மாது, நண்பன் சீனு, நாயகி ஜானகி. ‘அவ்வை சண்முகி’யில் மீனாவும் ஜானகிதான். எத்தனை அழகான குருதட்சிணை! ஆனால் அந்த ஜானகிகளுக்குப் பெரும்பாலும் கிடைத்தது நியாயம் பேசும் வேலை. அசட்டுத்தனத்தின் சுகமெல்லாம் மாதுவுக்கும் சீனுவுக்கும். ஊர்வசிக்கு எழுதியதைப் பார்க்கும்போது, மற்ற ஜானகிகளுக்கும் கொஞ்சம் பித்தைப் பகிர்ந்திருக்கலாமே என்று ஏக்கமாக இருக்கிறது.

தொலைக்காட்சி அவருக்கு மேடைக்கும் சினிமாவுக்கும் நடுவில் கிடைத்த திண்ணை. சபாவுக்கு வர முடியாத ஊர்களுக்கு மாதுவும் சீனுவும் போய்ச் சேர்ந்தது சின்னத்திரை வழியாகத்தான். ஒரு தொடருக்கு ‘விடாது சிரிப்பு’ என்று பெயர். அமானுஷ்யத் தொடர் ‘விடாது கருப்பு’ வீடு வீடாகப் பயமுறுத்தியிருந்த காலத்தை நினைத்துக்கொண்டு படித்தால், தலைப்பே முதல் ஜோக். ஆனால் சின்னத்திரை அவருக்குச் செய்த பெரிய உபகாரம் வேறு. ‘மைக்கேல் மதன காமராஜ’னைத் தியேட்டரில் பார்த்தவர்கள், முதல் சிரிப்பின் சத்தத்தில் அடுத்த வரியைத் தவறவிட்டவர்கள். வீட்டில் கேசட் போட்டும், டி.வி.யில் மறுபடி மறுபடி பார்த்தும்தான் புதைந்து கிடந்த வரிகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. சிரிப்புக்கு இடைவெளி விடாமல் எழுதியவருக்கு, அந்த இடைவெளியை ரிமோட் கொடுத்தது.

பிற்காலத்தில் வெண்பாவில் இறங்கினார். ஓவியர் கேசவ் தினமும் கிருஷ்ணர் படம் வரைவார். அதற்கு மோகன் ஒரு வெண்பா எழுதுவார். ரமண மகரிஷியைப் பற்றி ‘ரமணாயனம்’ என்று வெண்பாக்களாகவே எழுதினார். மேடையில் ‘சாக்லேட் கிருஷ்ணா’ நாடகத்தில் தானே கிருஷ்ணராக வந்தவர், வீட்டில் கிருஷ்ணருக்கு எதுகை தேடிக்கொண்டிருந்தார். சிரிப்பு எழுத்தாளர் வயதான பிறகு பக்திக்குத் திரும்பினார் என்று இதைச் சிலர் ஆச்சரியமாகச் சொல்வார்கள். எனக்கு ஆச்சரியம் ஏதுமில்லை. வெண்பாவில் ஒரு சீர் எப்படி முடிகிறது என்பதைக் காது வைத்துக் கேட்டுத்தான் அடுத்த சீரைத் தொடங்க முடியும். பிசகினால் தளை தட்டும். ஒருவர் வரியின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் வரியைத் தொடங்குவதை ஆயுள் முழுக்கச் செய்தவருக்கு அது பழகிய பாதை. மாதுவையும் சீனுவையும் எழுதிய காதுதான் வெண்பாவையும் எழுதியது.

2019 ஜூன் 10-இல் சென்னையில் மாரடைப்பால் மோகன் காலமானார். அன்றே பெங்களூரில் கிரீஷ் கர்னாடும் போனார். ஒரே நாளில் தென்னாட்டின் இரண்டு நாடக ஆசிரியர்கள். மறுநாள் பேப்பர்களில் கர்னாடை நாடகாசிரியர் என்றும், மோகனை நகைச்சுவை வசனகர்த்தா என்றும் எழுதினார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. இருவரையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்லவில்லை. முப்பதுக்குக் குறையாத நாடகங்களை எழுதி, நாற்பது வருஷம் ஒரே குழுவை மேடையில் நிறுத்திய மனிதரை நாடகாசிரியர் என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு மற்றதைச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த முறை டி.வி.யில் அந்தக் கல்யாணச் சாப்பாடு வரும்போது ஒன்று செய்யுங்கள். வசனம்தான் நமக்கு மனப்பாடமாயிற்றே. கமலைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, அந்தச் சொல் காதில் விழும்போது டெல்லி கணேஷ் முகத்தைப் பாருங்கள்.